பொதுவில் போட்ட கிணறு

பிரபா கல்லூரியில் நிலத்தடி நீர் ஆய்வு செய்பவள். மாகறல் கிராமத்துக் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்திருந்தாள். திரட்டும் தகவலை என்ன செய்வீர்கள் என்று நிதி தரும் அமைப்பு விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தது. 'எல்லாம் இணையத்தில் பொதுவில் வைக்கப்படும்' என்று ஒரே வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனாள். ஆய்வு முடிந்ததும், சொன்னபடியே ஒவ்வொரு கிணறும் இருக்கும் இடத்தையும் அதன் நீர்மட்டத்தையும் குறித்து வரைபடம் போட்டாள்.

அடுத்த ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் மாகறலுக்குப் போனாள். முன்பு அவள் அளந்தவற்றில் கோடையிலும் வற்றாதது, தாயாரம்மாள் என்ற விவசாயியின் கிணறு; இப்போது அதில் தரை தெரிந்தது. ஒட்டிய நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, ஆழமாகப் போர் போட்டு, லாரி லாரியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க தண்ணி இருக்கறது எப்டித் தெரிஞ்சுது?" என்று லாரி ஓட்டுநரைக் கேட்டாள்.

"மொதலாளி மேப்பு வச்சிக்கினு கீறாரு மேடம்" என்று அவன் போனை நீட்டினான். வரைபடத்தின் மூலையில் அவள் பெயர்.

அன்றே சொல்லிவிடலாம் என்றுதான் தாயாரம்மாள் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கவே கூசியது.

"போன தடவ மாதிரியே எழுதிடும்மா. மூடி வச்சா மார்க் கொறையும்" என்றார், புது விண்ணப்பத்தைப் பார்த்த பேராசிரியர் தினகரன்.

பிரபா கேட்கவில்லை. கிணறு இருக்கும் இடம் கல்லூரிக் கணினியைத் தாண்டாது, வெளியே ஊர்ப் பெயர் மட்டுமே தெரியும், கிணற்றுக்காரர் வேண்டாமென்றால் தகவலே அழிக்கப்படும் என்று விளக்கமாக எழுதினாள். பழைய வரைபடத்தையும் நீக்கச் செய்தாள். ஏற்கெனவே போன்களில் போய்ச் சேர்ந்ததை என்ன செய்ய முடியும்?

பிறகு மாகறலுக்குப் போய்த் தாயாரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

தாயாரம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அளக்கறேன்னு கேட்ட, சரின்னேன். எல்லார்க்கும் காட்டப்போறேன்னு சொன்னியாம்மா?"

"சொல்லல பெரிம்மா. எனக்கே அப்பத் தோணல. தப்புதான்."

"உன்னாலதான் வந்தானா, வேற யாராச்சும் சொல்லி வந்தானா, எனக்கு இன்னா தெரியும்? கெணறு காஞ்சிக் கீது. இனிமே என் கெணத்தாண்ட வராத."

நிதி கிடைத்தது. தகவல் பாதுகாப்புத் திட்டம் நன்றாக இருக்கிறது என்று தனியாகப் பாராட்டியிருந்தார்கள். தினகரன் அதை வாசித்துக் காட்டியபோது பிரபா தலை நிமிரவில்லை.

அந்தப் போகம் தாயாரம்மாள் நெல் வைக்கவில்லை. அடுத்தவர் வயலுக்குக் களை எடுக்கப் போனாள். பிரபா இப்போதும் மாகறலுக்குப் போகிறாள். தாயாரம்மாளின் தெருவுக்குள் மட்டும் போவதில்லை. ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.