மாமாவின் இரண்டு கரகரப் பெட்டிகள்

நல்ல கிடார் ஒன்றை வாங்கி, அதன் சத்தத்தைக் கெடுப்பதற்கென்றே ஒரு பெட்டியும் செய்து வைத்துக்கொள்கிற மனிதரை எங்கள் புதூர்நாட்டு மலைப் பக்கம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது, அப்படி ஒருவர் ஜீப்பில் வந்து எங்கள் வீட்டு வாசலிலேயே இறங்கினார். அவர் என் அம்மாவின் தம்பி.

விருந்தாட வரவில்லை, நோயோடு வந்தார். நெஞ்சில் டி.பி. கீழே ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, மீதி ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மலையில் ஒரு சின்ன மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தாள். அக்கா கையால் ஊசி, மலைக்காற்று, வேளைக்குச் சாமைச் சோறு. பிழைத்துக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த ஊசிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. சிலருக்குக் காதைத் தின்றுவிடும். முதலில் காதுக்குள் கொய்ங் என்று ஓர் இரைச்சல் கிளம்பும், பிறகு மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இரைச்சல் கேட்டால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே கீழே வாருங்கள் என்று அக்கா, தம்பி இருவரிடமும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆகவே தினமும் காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் அம்மா கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்பாள்.

"காதுல எதுனா இரையுதா?"

"இல்லக்கா."

"நெஜமா?"

"இப்பதான ஜெபம் பண்ணிட்டு எழுந்தோம். அதுக்குள்ள பொய் சொல்வனா?"

இந்த விவரமெல்லாம் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்தக் கேள்வியை, "சாப்ட்டியா" என்பதைப்போல ஒரு விசாரிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா திருப்பத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். உடம்பு தேறி வா, உன் இடம் உனக்குத்தான் என்று குழுக்காரர் சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை. வெளிநாட்டு ரெக்கார்டுகளில் கிடார் தொண்டை கட்டினாற்போலக் கரகரவென்று அழுகிறதே, அந்தச் சத்தம் நமக்கும் வேண்டும். அதற்கான பெட்டியை 'ஃபஸ்' என்பார்களாம். கடையில் வாங்குகிற வசதி யாருக்கு இருந்தது? மாமா தானே செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சத்தம் கிடைத்தால்தான் தனக்கு மறுபடி வாழ்க்கை என்பதுபோல இருந்தார்.

ஒன்றல்ல, இரண்டு பெட்டி செய்தார். ஒன்று பிஸ்கட் டப்பாவில், செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டது. இன்னொன்று சோப்பு டப்பாவில், புது சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டது. வீட்டில் கரண்ட் கிடையாது. அப்பாவின் பேட்டரி ரேடியோவைத் திறந்து, அதன் வயிற்றுக்குள் ஒயரை நுழைத்து, அதையே ஸ்பீக்கராக்கிக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்கு ரேடியோவில் செய்தி கேட்பது போயிற்று. மச்சான் நோயாளி என்பதால் பொறுத்துக்கொண்டார். ஆனாலும் ஏழேகால் மணி ஆனதும் ரேடியோவை ஒரு முறை பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடாமல் இருக்கமாட்டார்.

பிஸ்கட் டப்பாவின் சத்தம் கஞ்சி கொதிப்பதுபோலத் தடித்து, மெத்தென்று இருக்கும். கம்பியைத் தட்டிவிட்டு விட்டால் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும். சோப்பு டப்பா அப்படியல்ல, தகரத்தை ஆணியால் கீறினாற்போலப் பல்லைக் கூசவைக்கும். நின்றால் வெட்டினாற்போல நிற்கும். மாமாவுக்குப் பிஸ்கட் டப்பாதான் செல்லம். ஆனால் ஜெர்மானியம் சூடு தாங்காதாம். வெயில் ஏறினால் சுருதி கெட்ட பாகவதரைப்போல அழ ஆரம்பித்துவிடும். அதனால் அதைத் தண்ணீர்ப்பானையின் வயிற்றோடு சேர்த்துச் சாய்த்து வைப்பார். தண்ணி மொள்ளப் போகும் அம்மா, "பானைக்கு ஒரு புள்ள பொறந்திருக்குதுடா" என்று அதைத் தள்ளி வைப்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாமா குறை சொல்லத் தொடங்கினார். பிஸ்கட் டப்பா மழுங்கிவிட்டது என்றார். பேட்டரியை மாற்றினார். ஈயப் பற்றுகளையெல்லாம் பிரித்து, அடுப்பில் கம்பியைக் காய்ச்சி மறுபடி வைத்தார். வெயில் ஆகாது என்றவரே இப்போது, மலைக்குளிர் ஆகவில்லை என்று டப்பாவை வெயிலில் காயவைத்தார். அப்புறம் சோப்பு டப்பாவும் மழுங்கிவிட்டது என்றார். போதாததற்கு இரண்டிலிருந்தும் கொய்ங் என்று ஓர் இரைச்சல் வருகிறதாம். பழைய சாமான் என்றால் அப்படித்தான் இரையும் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். ஆசை யாரைத்தான் விட்டது? பெட்டியில் இல்லாத கோளாறையெல்லாம் பெட்டியில் தேடினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா மருந்தகத்துக்கும், அப்பா யாரையோ பார்க்கவும் போயிருந்தார்கள். மாமா என்னைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

"ரெண்டுத்தயும் மாத்தி மாத்தி வாசிக்கிறேன். எது இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

இது ஒரு பெரிய காரியமா? பிஸ்கட், சோப்பு, சோப்பு, பிஸ்கட் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் தப்பவில்லை. மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"எப்டி கண்டுபுடிக்கிற?"

"சோப்புல கீச்சுனு இருக்குதே மாமா."

இப்போது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் ஒயரை மாற்றிச் சொருகி, கம்பியைத் தட்டினேன். மாமா தப்பாகச் சொன்னார். மறுபடி தட்டினேன். அதுவும் தப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். அப்படியும் தப்பு.

"ஏமாத்தாத பாப்பா."

"சத்தியமா இல்ல மாமா. நீங்களே திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சரி, மொதல்ல அந்த இரைச்ச நிக்கட்டும். ரேடியோவ ஆஃப் பண்ணு" என்றார். பண்ணினேன். "இன்னும் ஆஃப் பண்ணலயா?" என்றார். அப்போதே பண்ணிவிட்டேன் என்றேன். "அப்ப ஒயர புடுங்கு."

"புடுங்கி கையில வெச்சினு இருக்கேன் மாமா."

அப்போதுதான் திரும்பினார். என் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். வெளியே யார் வீட்டு ஆடோ கத்திக்கொண்டிருந்தது.

"ஒனக்கு இப்ப கொய்ங்னு எதுவுமே கேக்கலயா?"

"ஆடு கத்துறதுதான் கேக்குது."

மாமா என் கையிலிருந்த ஒயரை வாங்கிச் சுருட்டி வைத்தார். பிறகு என் தலையைத் தொட்டு, "நீ ஜெயிச்சிட்ட" என்றார். கிடாரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். சாயங்காலம் அப்பாவின் ரேடியோவை மூடித் திருகாணி போட்டுக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

மாமா பிழைத்தார். நோய் அடியோடு போயிற்று. காதும் போயிற்று. திருப்பத்தூரில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டார். சர்ச்சில் கீர்த்தனை பாடும்போது எல்லோரும் எழுந்த பிறகுதான் எழுந்து நிற்பார். அம்மாவுக்கு அதைப் பார்க்க மனசு தாங்காது. "தெனம் கேட்டனே, ஒரு வார்த்த சொல்லலயே. என் கையாலயே போட்டுட்டனே" என்று சாகும்வரை சொல்லி அழுதாள்.

ஊசியை விட்டால் உயிர் நிற்குமா என்கிற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அம்மாவின் அப்பாவை அதே நோய்தான் கொண்டுபோனது. தம்பியின் உயிரா, தம்பியின் காதா என்று அம்மா தீர்மானிக்க வேண்டி வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? அந்தச் சுமையை அக்கா தலையில் வைக்க மாமாவுக்கு மனம் வரவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவரிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, ஜெபம் முடிந்து நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போலக் கேட்டாள். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஒண்ணும் இரையலக்கா, போடு" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். பெட்டியில் கேட்ட இரைச்சல் வேறு, அம்மா விசாரிக்கிற இரைச்சல் வேறு என்று நினைத்திருந்தவள் நான். ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுப்போனதை அக்காவிடம் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் மாமா அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி, நானும் வாயைத் திறக்கவில்லை.