சின்னம்மாவிடம் கேட்ட கேள்விகள்

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் இந்த வருடம் ஒரு மீனவர் குப்பமும் உண்டு என்று ஞானஜோதி மிஸ் சொல்லி, அந்தக் குப்பத்தின் பெயரையும் சொன்னார். நிஷா பேனாவுக்கு மூடி போட்டாள். அவள் பிறந்தது அந்தக் குப்பத்தில்தான். பயமோ சந்தோஷமோ ஏதாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

அது 2006. அப்பா இறந்த பிறகு அவளும் அம்மா காந்தாவும் கீழ்க்கட்டளையில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். குப்பத்திலிருந்து தன் தங்கை தனக்கோடி அனுப்பும் மீனை மேடவாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் காந்தா விற்று வந்தாள். நிஷா படித்தது தாம்பரத்தில், இங்கிலீஷ் மீடியம். காலையில் பஸ் பல்லாவரம் தாண்டுவதற்குள் அவள் வாயில் 'கீது' போய் 'இருக்கு' வந்துவிடும். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று பள்ளியில் யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அதை மறைப்பதாகவும் அவள் நினைக்கவில்லை.

குப்பத்து ஆட்களிடம் கேட்பதற்கு ஒவ்வொரு குழுவும் கேள்விகள் தயாரிக்க வேண்டும் என்றார் மிஸ். நிஷாவின் கையெழுத்து அழகு என்பதால் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். பிளஸ்ஸி சொல்லச் சொல்ல எழுதினாள். தினமும் மீன் சாப்பிட்டால் அலுக்காதா? கடலைப் பார்த்தால் பயமாக இருக்காதா? பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்களா? எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பதில் தெரியும். "நீயும் ஒண்ணு சொல்லுடி" என்றாள் பிளஸ்ஸி. நிஷா யோசித்துப் பார்த்தாள். அந்த ஊரைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். காந்தா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"போய்ட்டு வா. தனக்கோடிகிட்ட நான் சொல்லிடறேன். உன்னைப் பாத்தாலும் தெரியாத மாரி இருந்துப்பா."

அப்படிச் செய்யச் சொல்லி நிஷா கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம் என்று தோன்றியது. "சரிம்மா" என்றாள். கிளம்பும் நாளில் துணியில் மீன் வாடை இருக்கக்கூடாது என்று அம்மா அவள் சுடிதாரைத் துவைத்துப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டாள். நிஷா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பத்தில் அவர்கள் குழு போய் நின்றது, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த சின்னம்மா தனக்கோடியின் முன்னால்தான். பிளஸ்ஸி கேட்டாள். சின்னம்மா எல்லார் முகத்தையும் ஒரே மாதிரி பார்த்துப் பதில் சொன்னாள். நிஷா குனிந்து எழுதினாள். கடைசிக் கேள்வி அவள் முறைக்கு வந்தது.

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ரெண்டு பையன்." சின்னம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அக்கா பொண்ணு ஒண்ணு கீதும்மா. தாம்பரத்துல படிக்குது."

நிஷா 'இரண்டு மகன்கள்' என்று எழுதி நிறுத்திக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் பாடினார்கள். அவளும் கை தட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகக் குப்பத்துக்குப் போனாள். சின்னம்மா எப்போதும் போல உட்காரவைத்துச் சோறு போட்டாள். "கேள்வியெல்லாம் நல்லா கேட்டீங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஷாவுக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் கண் காய்ந்தே இருந்தது. இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பிளஸ்ஸியிடம் சொன்னாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்ல வந்தது. அது என் சின்னம்மா, என் அம்மாவும் மீன்தான் விற்கிறார்கள், அது என் ஊர்.

"அவங்க உன்னைப் பாக்கவே இல்லையேடி" என்றாள் பிளஸ்ஸி.

"பார்த்தாங்க" என்றாள் நிஷா.