உள்ளே மடித்த முகம்

ரயில் பாதையைத் தாண்டியதும் அலோன்சோ பிங்க்னி துண்டறிக்கைகளைத் திருப்பி மடிக்கத் தொடங்கிவிடுவார். அதிபர் வேட்பாளராகப் போட்டியிடும் எங்கள் கறுப்பினப் பெண்மணி அதில் பல் தெரியச் சிரிக்கிறார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு இழுப்பு. சிரிப்பு உள்ளே போய்விடும். பெயரும் வாக்குறுதிகளும் மட்டும் வெளியே தெரியும்.

“வெள்ளக்காரங்க தெரு இது. மொதல்ல சரக்கப் படிக்கட்டும், மூஞ்சிய அப்புறம் பாத்துக்கட்டும்,” என்பார், வாயில் வேகவைத்த வேர்க்கடலையோடு.

தென் கரோலினாவின் இந்தச் சிற்றூரில் காலமெல்லாம் தபால் கொடுத்தவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஆள் கடிப்பார் என்பது அத்துப்படி. பாதைக்கு எங்கள் பக்கம் உள்ள கறுப்பினத்தார் வீடுகளில் அடுப்படி வரை போய் அதட்டுகிறவர், இங்கே குரலைப் பாதியாக்கிக்கொண்டு வாசற்படியைவிட்டுத் தள்ளி நிற்பார். வேட்பாளருக்கும் அதே உபதேசம்தான். “சத்தம் போட்டுப் பேச வேணாம்னு சொல்லுங்கப்பா. வெள்ளக்காரன் கத்துனா வீரம், இந்தம்மா கத்துனா கோவக்காரி. ‘வெள்ளக்காரங்க இவளுக்கு ஓட்டுப் போடுவாங்களா’ன்னு நம்மாளுங்களே கேக்குறாங்க. என்னத்தச் சொல்ல?”

போன சனிக்கிழமை வேட்பாளரின் தங்கை இவெட் எங்களோடு வந்தார். அக்காவை அப்படியே உரித்து வைத்த முகம். கார் ஓட்டியது நான். டிஸ்டேல் என்ற வெள்ளைக்காரக் கிழவர் வாசலில் நின்றே அறிக்கையைப் படித்தார். கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஒரு டஜன் பேர் போட்டியிடுவதால், எங்கள் வேட்பாளர் யார், என்ன நிறம் என்று அவருக்குத் தெரியவில்லை.

“மருந்து வெலயக் கொறைக்கிறேங்கறா. நல்லாத்தான் இருக்கு,” என்றார். அந்தத் தெருவில் எங்கள் வேட்பாளர் பெயர் போட்ட பிரசாரப் பலகை ஒரு வீட்டு வாசலிலும் இல்லை. அலோன்சோ மெல்லக் கேட்டார்: “முன்னால பலகை ஒண்ணு நட்டுக்கலாமாய்யா?”

கிழவர் தலையாட்டப் போனவர், வேலியோரம் நின்ற இவெட்டைப் பார்த்தார். இவெட் கையை உயர்த்தி, அறிமுகம் செய்துகொள்ள ஓரடி வைத்தார்.

“அது யாரு?”

“என் வீட்டுக்காரியோட சொந்தம்யா. சும்மா கூட வந்துது.”

இவெட்டின் கை இறங்கிவிட்டது. என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

பலகைக்கு அனுமதி கிடைத்தது. இளகிய மண்தான், ஆனாலும் அலோன்சோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தார்.

காருக்குத் திரும்பியபோது இவெட் பின்னிருக்கையில் இருந்தார். “எங்கக்கா கேட்டா என்னண்ணே சொல்ல? சும்மா வந்தேன்னா?” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“கூசுதும்மா. அந்தாளு ‘சரி’ன்னு சொல்ற நேரத்துல உன் மூஞ்சியப் பாத்துட்டான். பயந்துட்டேன்.”

“சரி ஏறுங்க, வெயிலு.” இவெட் நகர்ந்து பக்கத்தில் இடம்விட்டார்.

அலோன்சோ அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, நடக்க ஆரம்பித்தார்.