ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடியவர்

நம் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா, அம்மா, வணக்கம்.

செம்மேடு பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். அரியூர் நாட்டைச் சேர்ந்த செல்வராணி ராணுவ உடையில் நிற்கும் படம் அதில் உள்ளது. படத்தின் கீழே, ‘ஓட்டத்தில் அனைவரையும் முந்திய நம் மலையின் வீரமகள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எழுந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேனர் வைத்த இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்கு விவரம் தெரியாது. அந்த ஓட்டத்தில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். ஓடியவர்களின் பின்னால் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்.

எனக்கு ஊர் எடப்புளி நாடு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. லாரியில் கிளீனராகத் தொடங்கி டிரைவரானேன். பிறகு சமவெளியில், அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ராணுவக் கழகம் ஒன்றில் சிவிலியன் டிரைவராகச் சேர்ந்து ஓய்வு பெற்றேன். அக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுத்துத் தமிழை வண்டி காத்திருக்கும் நேரங்களில் புத்தகம் படித்து நானே கற்றுக்கொண்டேன். இதில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். கோபத்தைப் பொறுக்க வேண்டியதில்லை. அது தெரிந்தே எழுதியது.

1. மலையில் நடக்கும் முறை

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதை முதலில் சொல்கிறேன். காட்டுப் பாதையில் நாலு பேர் சேர்ந்து நடந்தால், அவர்களில் பலமுள்ள ஆள் கடைசியில்தான் வருவார். முன்னால் போகிறவருக்குப் பாதை தெரிந்தால் போதும். களைத்துப்போனவர் பின்தங்குவார், வழுக்கி விழுவார், கரடியைக் கண்டு மிரண்டு நிற்பார். பலமுள்ளவர் முன்னால் போய்விட்டால் அந்த ஆளைப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. கிளம்பும்போதே அவரவர் இடத்துக்குப் போய் நின்றுகொள்வோம்.

2. தேர்வு

செல்வராணியின் தகப்பனார் சடையன் மரவள்ளி விவசாயி. எனக்கு உறவு முறையில் மச்சான் ஆக வேண்டும். ஒரு நாள் போனில் அழைத்தார்.

“மச்சான், என்ற மக பட்டாளத்துல ஆபீசராவோணும்னு நிக்குதுங்க. நீங்க இருக்கற எடந்தானாமே அது?”

“வேண்டாம்னு சொல்லுங்க மச்சான். வேற வேலையா ஒலகத்துல இல்லை?”

“நாஞ் சொல்லிக் கேக்கற புள்ளையா இருந்தா மரவள்ளிக் காட்டுலயே நின்னிருக்குமுங்க. டிகிரி வரைக்கும் போயிருக்குமா?”

நான் எவ்விதத்திலும் உதவவில்லை. அந்தப் பெண் தானாகவே விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, வெளி மாநிலத்தில் நடந்த தேர்வு வாரியத்துக்கும் போய்வந்தார். அங்கே நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார். ஒரு பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்து, ஆறு என்று கோடு போட்ட இடத்தைக் குழுவாகத் தாண்டச் சொன்னார்களாம். எல்லோரும் நான் நீ என்று முந்தியிருக்கிறார்கள். இவர் மட்டும் கடைசிவரை இக்கரையில் நின்று, பலகையைப் பிடித்து, ஒவ்வொருவராக அனுப்பிவிட்டுப் பிறகு தாண்டியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி, நீ ஏன் முதலில் போகவில்லை என்று கேட்டதற்கு, “நான் போயிட்டா பலகையப் புடிக்கறது யாருங்க?” என்ற பொருளில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாராம். அதிகாரி தலையசைத்தார். செல்வராணி தேர்வானார்.

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. முள்கரண்டி

பயிற்சிக்குச் சேர்ந்த பெண்களை லேடி கேடட் என்பார்கள். முடியைக் காதளவுக்கு வெட்டிவிடுவார்கள். அறையிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போவதானாலும் ஓட வேண்டும், நடப்பது குற்றம். சோற்றைக் கையால் தொடுவதும் குற்றம்.

சேர்ந்த வாரத்தில் வண்டிக் கொட்டகைப் பக்கம் ஓடிவந்த செல்வராணி என்னைக் கண்டதும், “மாமாங்க!” என்று உரக்கக் கூப்பிட்டுவிட்டார். உஸ்தாத் என்று அழைக்கப்படும் பயிற்சி ஹவில்தார் அவ்விடத்திலேயே நிறுத்தி, இங்கே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை என்று இந்தியில் கத்தி, தார்ச் சாலையில் குட்டிக்கரணம் போடவைத்தார். அதன்பின் நான் அவரை மேடம் என்றும், அவர் என்னை டிரைவர் சாப் என்றும் அழைத்தோம். எங்கள் மலைப் பெண்ணை மேடம் என்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

ஒருநாள் மருந்து வாங்க வந்தபோது, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, “முள்ளுக்கரண்டில சோறு தின்னா வயிறே ரொம்ப மாட்டேங்குதுங்க மாமா. எண்ணி எண்ணித் திங்கற மாதிரி இருக்குது” என்றார்.

“பூட்ஸ் எப்படி இருக்குதுங்க மேடம்?”

“அது என்னையத் தின்னுக்கிட்டு இருக்குதுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உடம்பு கஷ்டத்துக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை அவர். அவர்கள் அசைத்துப் பார்த்தது வேறொன்றை.

4. முதல் ஓட்டம்

முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டிய தேர்வு ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டும். அன்று பின்தங்கி ஓடியவர் ரித்து என்ற வடநாட்டுப் பெண். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, நொண்டிக்கொண்டே ஓடினார். அவர் பின்னால், என் வண்டியின் பம்பருக்கு முன்னால், செல்வராணி ஓடிவந்தார். அந்தத் தொகுதியில் அவர் அளவுக்கு ஓடக்கூடியவர் யாரும் இல்லை என்பது உஸ்தாத் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். மூச்சு வாங்காமல், முன்னால் போகிறவரின் காலைப் பார்த்தபடியே வந்தார். அந்த ஓட்டத்தை நான் அறிவேன். அது எங்கள் பாதையில் ஓடும் ஓட்டம்.

இருவரும் நேரம் தவறினார்கள்.

5. மேஜரின் அறை

அவர்கள் பிரிவுக்குப் பொறுப்பான மேஜர் தமிழர், நகரத்தில் வளர்ந்தவர். மறுநாள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். செல்வராணி சுவரோரம் விறைப்பாக நின்றிருந்தார்.

“டிரைவர், இந்தப் பொண்ணு நேத்து நடந்துச்சா, ஓடுச்சா?”

“ஓடுச்சுங்க சார். ஒரு அடி நடக்கலீங்க.”

“அப்புறம் எப்படி லேட்டு?”

“முன்னால போன புள்ளைக்குக் கால் வலிங்க. அதைய உட்டுப்போட்டு வரக்கூடாதுன்னு பின்னால வந்துச்சுங்க. எங்க மலையில பலமான ஆளுதான் கடைசியா வரோணுமுங்க.”

மேஜர் சிரித்தார். பக்கத்தில் இருந்த கிளார்க்கும் சேர்ந்து சிரித்தார்.

“சரிதான். உங்க மலையில ஒரு ஆர்மி வெச்சா எல்லாரும் கடைசியில போய் நின்னுக்குவீங்க. முன்னால யாருய்யா போறது, கரடியா?”

“கேம்ப்ல ஜவானெல்லாம் சாப்புட்ட பொறவுதானுங்களே ஆபீசருங்க தட்டு எடுக்கறாங்க?”

“அது சாப்பாடு. இது டைமிங். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. பின்னால வர்றவளப் பாத்துக்கத்தான் உன் ஆம்புலன்ஸ் இருக்குல்ல?”

பிறகு செல்வராணியின் பக்கம் திரும்பினார். “இது ஒண்ணும் உங்க சந்தை இல்லம்மா, கூடையத் தூக்கிட்டுக் கூட்டமாப் போறதுக்கு. அடுத்த ரன்னும் ஃபெயில்னா ரெலிகேஷன். பின்னாலயே நிக்கத்தான் உனக்குப் பிடிக்குமே, ஜூனியர்ங்களோட போய் நில்லு.”

ரெலிகேஷன் என்றால் அடுத்த தொகுதியோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதிலும் தவறினால் வீடு. வீட்டுக்கு வந்தால், “பொட்டப் புள்ளைய அனுப்புனா இப்படித்தான்” என்று சொல்ல மலையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அதன்பின் இன்னொரு பெண்ணை எந்தத் தகப்பனும் அனுப்பமாட்டான்.

ஐயா, எதைப் பார்த்து அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்களோ அதையே குற்றம் என்றார்கள். தேர்வு வாரியத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றபோது அதற்குப் பெயர் தலைமைக் குணம். சாலையில் அதையே செய்தபோது சந்தைக் கூட்டம். ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்கிறார். அதைப் பல ஆண்டுகள் ஓட்டியவன் சொல்கிறேன்: ஆம்புலன்ஸ் விழுந்தவரை எடுக்கும். விழாமல் பார்த்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

6. இரண்டாம் ஓட்டம்

ரித்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இம்முறையும் செல்வராணி தாமாகவே அவர் பின்னால் போய் நின்றதைக் கண்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு பாலம் வரும். அதைத் தாண்டும்போது ரித்து மடங்கி விழுந்தார். செல்வராணி நின்றார். ரித்து கையை வீசி, “ஜா! ஜா!” என்று கத்தினார். போ, போ என்பது அதன் பொருள்.

செல்வராணி போனார். பத்தடி போனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நான் பார்த்திராத வேகத்தில் ஓடினார்.

ரித்துவை வண்டியில் ஏற்றினேன். கால் எலும்பில் விரிசல். அவர் செல்வராணியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. நாங்கள் ஓட்டம் முடியும் இடத்தை அடைந்தபோது எல்லோரையும் முந்தி முதலில் வந்திருந்த செல்வராணியின் தோளில் மேஜர் தட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பதாம்மா நீ ஆபீசர் மெட்டீரியல்.”

ரித்துவின் ஸ்ட்ரெச்சர் அவருக்குப் பக்கத்தில்தான் போயிற்று. மேஜர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை செல்வராணி கொட்டகைக்கு வந்தார். ரித்துவின் தண்ணீர் பாட்டில் வண்டியில் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டார். அன்று டிரைவர் சாப் என்று அழைக்கவில்லை.

“திரும்பிப் பாத்தேனுங்க மாமா. பாத்துப்போட்டுத்தான் போனேன். பாக்காமப் போயிருந்தாக்கூடத் தேவலைங்க.”

7. புளியஞ்சோலைப் பாதை

செல்வராணி பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆகி, விடுப்பில் ஊருக்கு வந்தபோது நான் ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். துறையூர் போன இடத்தில் சடையனையும் அவரையும் சந்தித்தேன். மழையில் மண் சரிந்து மலைப் பேருந்து நின்றிருந்தது. மலையடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஏறினோம். கூடை சுமந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சடையனுக்கு இடுப்பு வலி. கிளம்பும் இடத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. லெப்டினன்ட் போய்க் கடைசியில் நின்றார்.

பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்தோம். சடையன் மகளைப் பார்த்துக் கேட்டார்.

“ஏஞ்சாமி, அங்கயும் இப்படித்தானா? பலமான ஆளுதான் கடைசியா?”

செல்வராணி என்னைப் பார்த்தார். பிறகு தகப்பனைப் பார்த்தார்.

“ஆமாங்கப்பா. அங்கயும் இப்படித்தானுங்க.”

“அதானே! பட்டாளம்னா சும்மாவா?” என்று சடையன் மகிழ்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் பாறையை விட்டு எழுந்து முன்னால் நடந்துவிட்டேன். நின்றிருந்தால் வாய் திறந்திருப்பேன்.

இதை எழுதலாமா என்று செல்வராணியிடம் போனில் கேட்டேன். “எழுதுங்க மாமா. அப்பனுக்குப் படிக்கத் தெரியாது. யாராச்சும் படிச்சுக் காட்டுனா காட்டட்டும். நான் பெரிய ஆளாகி இதையெல்லாம் மாத்திருவேன்னு மட்டும் எழுதிராதீங்க. அது எனக்கே தெரியலீங்க” என்றார். ஆகவே அப்படி எழுதவில்லை.

மலையிலிருந்து விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பியுங்கள். அந்த இடம் உங்களுக்கும் உரியது. ஓட்டத் தேர்வு வந்தால் முன்னால் ஓடுங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அன்றுதான் நீங்கள் அதிகாரி ஆனீர்கள் என்று யாராவது தோளில் தட்டினால் நம்பாதீர்கள். செல்வராணி அதிகாரியானது முதல் ஓட்டத்தில், என் வண்டிக்கு முன்னால். அதற்கு அவர்கள் போட்ட மதிப்பெண் ஃபெயில்.

பேனர் அடுத்த மழைக்குக் கிழிந்துவிடும். இந்தத் தாள்களை நம் ஊர் நூலகத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில், பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.