தலைவர் குடித்த சூப்பும் என் அறுபது கிலோமீட்டர் அசட்டுத்தனமும்

மாமல்லபுரத்தில் ஒரு வெளிநாட்டுத் தலைவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்த வாழைத்தண்டு சூப்பை நானும் குடிப்பது என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். தலைவர் நாக்குக்கும் என் நாக்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

காலை 11.10க்குச் செங்கல்பட்டில் ரயிலிறங்கி, எதிரே தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒரு தள்ளுவண்டியில் சாய்ந்தபடி நாற்பது நிமிடம் பேருந்துக்கு நின்றேன். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், 28 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தலைவர் சாப்பிட்ட விடுதிக்கு ஆட்டோ 200.

"சூப்பு குடிக்கவா அவ்ளோ தூரம்? ஒடம்பு சரியில்லியா சார்?" என்றார் ஆட்டோக்காரர். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

விடுதியின் உணவுப் பட்டியலில் அது 'பல்லவர் கால சூப்'. வரியோடு 472 ரூபாய் 50 காசு. சுவரில் மாட்டிய படத்தில் தலைவரும், உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த டெல்லி செஃப்பும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்து, இந்தப் பல்லவர் செய்முறையை எந்தக் குகையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சலோடு கேட்டேன். பரிமாறியவர் குனிந்து, "தொப்பிக்காரரு அன்னிக்கு கரண்டியே தொடல சார். ஆக்குனது எங்க காதர் பாய். பர்மாவுலேந்து கப்பல்ல வந்த குடும்பம். இப்ப செங்கல்பட்டு ஸ்டேஷன் எதுக்க அத்தோ வண்டி போட்டுகினு கீறாரு" என்றார்.

நான் சாய்ந்து நின்ற அதே வண்டி. மறுபடி 200, மறுபடி 28, பாதி வழி நின்றபடி.

மாலை 5.40க்கு வண்டி திறந்திருந்தது. பர்மா நூடுல்ஸைக் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீரோடு கையாலேயே பிசைந்து தருவதுதான் அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப் இலவசம். பக்கத்தில் பெயின்டர் ஒருவர் பாதி எழுதிய பலகையோடு உட்கார்ந்திருக்க, காதர் பாயும் அவர் மனைவி மும்தாஜும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 'தலைவருக்குச் சமைத்தவர்' என்று எழுத வேண்டும் என்பது பாயின் ஆசை.

"ஆதாரமா ஒரு போட்டோ கீதா? எழுதிட்டா மார்க்கெட்டே சிரிக்கும். அப்பறம் நான் எப்டி மீன் வாங்கப் போறது?" என்றார் மும்தாஜ்.

"போனத்தான் செக்யூரிட்டிக்காரன் கேட்லயே புடுங்கிட்டானே! சூப்புல ஒரு கிண்ணம் எடுத்து, என் கையெழுத்து வாங்கி, சீல் வெச்சு ரெண்டு நாளு வெச்சிருந்தான். அந்தாளுக்கு வயித்தக் கலக்கியிருந்தா என் பேரு எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கும். ஒன்னும் ஆவல. கொட்டிட்டான்!"

மத்தியானம்தான் அந்த சூப்பைக் குடித்தேன் என்று நான் மூக்கை நுழைத்தேன். மும்தாஜ் உடனே ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "குடிச்சிட்டு சொல்லு அண்ணாத்த. ரெண்டும் ஒன்னா?"

"ஒன்றுதான். இதில் வறுத்த பூண்டு இருக்கிறது, அதில் இல்லை" என்றேன்.

பாயின் கை பிசைவதை நிறுத்திவிட்டது. "இல்லியா? தலைவரு பக்கத்துல உக்காந்து பேசப்போறாரு, பூண்டு நாறக்கூடாதுன்னு ஒரு ஆபீசர் அன்னிக்கு மட்டும் நிறுத்தச் சொன்னாரு. இன்னுமா அப்டியே ஆக்கிகினு கீறானுங்க?"

மும்தாஜ் அவரையே பார்த்தார். "ஆமா... பூண்டில்லாம ஒரு சூப்பான்னு மூணு நாளு பொலம்புச்சே இந்தாளு!" பிறகு பெயின்டர் பக்கம் திரும்பி, "சாட்சி கெடச்சிடுச்சு, எழுதுப்பா" என்றார்.

"தலைவரு பேர பெருசா போடவாக்கா?"

"அவரா ஆக்குனாரு? இவரு பேர பெருசா போடு. குடிச்சவரு பேரு எதுக்கு?"

தலைவருக்கு வயிறு நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக ஒரு மனிதரை யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. போகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் போதும். மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை, அத்தோ 60 ரூபாய். உப்பு தூக்கலாக இருந்தால் பலகையைப் பார்த்துப் பெயர் சொல்லியே திட்டலாம். காதர் பாய் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்.