ஈரத்தோட மூடின ஜாடி

எங்க வீட்டுக்காரரு பூட்டு ரிப்பேர் பண்றவரு. எந்தப் பூட்டையும் திறந்துடுவாரு, வாயை மட்டும் திறக்க மாட்டாரு. நாள் முழுக்க நாந்தான் பேசணும். எனக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு.

கடை சிகரெட்டைத் தொடவே மாட்டாரு. புகையிலையை முழு இலையா வாங்கிட்டு வந்து, தானே கலந்து, தானே சுருட்டுவாரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க கட்டில்தான் அவருக்கு மேஜை. காய்ஞ்ச இலை தொட்டா நொறுங்கிடும். தண்ணி தெளிச்சு, ஈரத்துணி போட்டு மூடிவைப்பாரு. இளகினதும் நடு நரம்பை உரிச்சு எறிஞ்சுட்டு, அடுக்கிச் சுருட்டி, நூல் நூலா நறுக்குவாரு. மஞ்ச இலை அஞ்சு பிடி, கருப்பு இலை ரெண்டு பிடி. கடைசியா வாசனைக்குன்னு வேற ஒரு ஜாதி, சின்ன இலை, கொஞ்சம். எல்லாத்தையும் கலந்து பேப்பர்ல பரப்பி, ஈரம் போனதும் கண்ணாடி ஜாடியில போட்டு மூடுவாரு. பதினஞ்சு நாள் தொடக்கூடாதாம்.

"மூணும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டு அடங்கணும்"னாரு ஒரு தடவை.

"நாம ரெண்டே பேரு. இத்தனை வருஷத்துல அடங்கினோமா?"ன்னேன்.

சிரிச்சாரு. சிரிச்சா இருமல் வந்துடும் அவருக்கு.

அந்த வாடை எனக்கு ஆகாது. போர்வை, தலகாணி, என் தலைமுடி, எல்லாத்துலயும் அதுதான். "உங்களைக் கட்டினதுக்கு ஒரு புகைபோக்கியைக் கட்டியிருக்கலாம், அதுவாவது புகையை வெளிய விடும்"னு திட்டுவேன். டாக்டர் விடச் சொன்னாரு. நாளைக்கு இருபதை ரெண்டாக்கினாரு, அதுக்கு மேல குறைக்கல. எனக்கென்ன மறைக்க வேண்டியிருக்கு, அந்தப் புகைதான் அவரைக் கொண்டுபோச்சு.

அவரு போன நாளும் ஞாயித்துக்கிழமைதான். காலையில நறுக்கிக் கலந்து பரப்பிட்டு, "இன்னும் ஈரம் இருக்கு, சாயங்காலம்தான் மூடணும்"னாரு. துவைச்ச துணி போட இடமில்லைன்னு நான் கத்திக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா நாற்காலியில தலை சாஞ்சு கிடக்கு. விரல்ல இலைத்தூள் அப்படியே ஒட்டியிருக்கு.

வீடு நிறைய ஆளுங்க. யாரோ அந்தப் பேப்பரைச் சுருட்டிக் குப்பையில போடப் போனாங்க. பிடுங்கினேன். அத்தனையையும் ஜாடியில அமுக்கி, மூடியை இறுக்கி, மேல டேப்பும் ஒட்டினேன். வாசனை வெளிய போயிடக்கூடாது, அந்த நினைப்புதான். மறுநாள் என் மக, அம்மா பார்த்தா அழுவாளேன்னு, அவரு சட்டை, போர்வை, தலகாணி உறை எல்லாத்தையும் சோப்பு போட்டு அலசிட்டா. நல்ல மனசுலதான் செஞ்சா, பாவி. மிச்சம் இருந்தது ஜாடி ஒண்ணுதான்.

மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் இவரு கூட உக்காந்து பிடிக்கிறவன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான்.

"அக்கா, அண்ணன் கடைசியா கலந்தது… ஒண்ணே ஒண்ணு சுருட்டிக்கட்டுமா?"

"கையை ஒடிச்சுடுவேன். போடா."

பதினஞ்சு நாள் எண்ணினேன். பதினாறாம் நாள் காலையில கதவைச் சாத்திக்கிட்டு டேப்பைப் பிரிச்சேன். பஞ்சு மாதிரி வெள்ளையா பூசணம். நனைஞ்ச சாக்கு நாத்தம். அடிவரைக்கும் கையை விட்டுக் கிளறினேன். எங்கயும் அவரு இல்லை.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தான்.

"ஈரத்தோட மூடிட்டீங்களாக்கா?"

"மூடிட்டேன். அலமாரியில இலை மிச்சம் இருக்கு. அதே மாதிரி நீ கலந்து குடு."

"அஞ்சு மஞ்சள், ரெண்டு கருப்பு. அது தெரியும். அந்தச் சின்ன இலை எவ்வளவுன்னு அண்ணன் சொன்னதே இல்லையே. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க, பார்த்திருப்பீங்கல்ல?"

முப்பத்தோரு வருஷம் என் கட்டில் மேலதான் போட்டாரு. ஒரு பிடியா, அரைப் பிடியா, ரெண்டு விரல்ல கிள்ளினதா? நான் பார்க்கல. அந்த நேரமெல்லாம் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.