உறை மாறிய கையெழுத்துகள்

ஆர்டிஸ் லுண்டீன் ஒரு முடிவெடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிப்பதில்லை. டன்மோர் மாவட்டத்தில் அவளை அறிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டாம் வயதில் மெர்லைக் கட்டிக்கொண்டதும், தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலையில் சேர்ந்ததும், நாற்பது தாண்டியபின் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

ஆம்புலன்ஸ் ஓட்டச் சம்பளம் இல்லை. இடுப்பில் செருகிய பேஜர் கூப்பிட்டால் எடைமேடையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். கோதுமை ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் யாரும் முணுமுணுத்ததில்லை. நாளைக்குத் தங்கள் வீட்டிலிருந்தும் அதே அழைப்பு போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பனிப்புயலில், சாலையோரப் பள்ளத்தில் சிக்கிய வண்டிக்குள் அவள் கையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு ஆர்டிஸ் என்று பெயர் வைத்ததாகச் சிலர் சொல்வது சரியல்ல. வைத்த பெயர் காம்ரின். இப்போது பள்ளிக்காகக் கூடைப்பந்து ஆடுகிறாள்.

தோள்பட்டை ஒத்துழைக்காமல் போனபோது ஆர்டிஸ் ஆம்புலன்ஸ் ஓட்டுவதை நிறுத்தினாள். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். போகாதவர்களுக்குப் பகலில் ஒரு வேலை, மாலையில் இன்னொன்று. எட்டுப் பேராக இருந்த குழு மூன்று பேராகச் சுருங்கியது. இனிச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால்தான் வண்டி ஓடும். அதற்கு நிலவரியோடு ஒரு சிறு தொகை சேர வேண்டும், அதை ஊர்தான் வாக்களித்துச் சொல்ல வேண்டும். கோடை முழுவதும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, நவம்பர் தேர்தல் சீட்டில் அதை எட்டாம் தீர்மானமாக ஏற்றிவிட்டாள். தோற்றால் ஜனவரியிலிருந்து இருட்டிய பின் ஆம்புலன்ஸ் கிடையாது. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர ஐம்பது நிமிடமாகும். நின்றுபோன இதயம் ஐம்பது நிமிடம் காத்திருக்காது.

அவள் வீட்டிலேயே ஓர் ஓட்டு அதற்கு எதிராக இருந்தது.

வாக்குச்சீட்டுகள் தபாலில் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஷெரிப் என்னும் மாவட்டக் காவல் தலைவரில் தொடங்கிக் களை ஒழிப்புக் குழு வரை இரண்டு தாள், நான்கு பக்கம். மெர்ல் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தான்.

"கல்லறைக் குழுவுக்கு ரெண்டு பேரைத் தேர்ந்தெடுக்கணுமாம். நிக்கிறதே ரெண்டு பேருதான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் போடு."

"டுவேனுக்குப் போட மாட்டேன். எங்கப்பா கல்லு மேல புல்வெட்டுற மெஷினை ஏத்துனவன்."

"நீ போடாட்டியும் அவன்தான் வருவான்."

"வரட்டும். என் ஓட்டு இல்லாம வந்தோம்னு அவனுக்குத் தெரியட்டும்."

"எப்படித் தெரியும்? ரகசிய ஓட்டாச்சே."

"நானே போய்ச் சொல்வேன்."

அடுத்த பக்கத்தில் நீதிபதிகள். நீதிபதி கோரா ஸ்டென்பெர்க் பதவியில் தொடரலாமா, ஆம் அல்லது இல்லை. மெர்ல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் தன் வண்டியைக் கூட்டுறவுச் சங்கத்தின் வேலிக்குள் விட்டு, எரிவாயுத் தொட்டிக்குக் கையெட்டும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி, அதன்பின் அவன் லைசென்ஸைப் பறித்தவர் இந்த நீதிபதி.

"இந்தம்மாவுக்கு இல்லை. கொட்டை எழுத்துல இல்லை."

"வட்டத்தை நிரப்பினா போதும். எழுதி வெச்சு சீட்டைக் கெடுக்காதே."

"ஒரு வேலிக்காக ஒரு மனுஷன் காலை ஒடிச்சுட்டாங்க."

"எட்டடி உசரம், மெர்ல். பச்சைப் பெயின்ட்டு. அதுவே உனக்குத் தெரியலை."

"வெயில் கண்ணுல அடிச்சுச்சு."

"நீ வடக்கே பார்த்துப் போய்ட்டிருந்தே."

மெர்ல் வட்டத்தை நிரப்பினான், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. ஆர்டிஸ் அந்த நீதிபதிக்கு ஆம் போட்டாள்.

எட்டாம் தீர்மானம் வந்தது. மெர்ல் பேனாவைக் கீழே வைத்தான்.

"எங்கப்பா காலத்துல இதுக்கு வரியா போட்டாங்க? தொப்பியை நீட்டுனாங்க, ஆளாளுக்கு முடிஞ்சதைப் போட்டாங்க, வண்டி வந்துச்சு. இது தானாக் குடுக்குற ஊரு. வரின்னு ஆக்கிட்டா அப்புறம் ஒருத்தனும் பக்கத்து வீட்டுக்காரனைப் பத்திக் கவலைப்பட மாட்டான்."

"தொப்பியை நீட்ட ஆளில்லையே."

"அப்ப ஆளைத் தேடு. வரியைத் தேடாதே."

ஆர்டிஸ் தன் சீட்டில் ஆம் வட்டத்தை நிரப்பினாள். இரண்டு சீட்டையும் அவளே மடித்து, அவரவர் பெயரிட்ட உறையில் சரியாகப் போட்டு ஒட்டினாள். ஆனால் அதற்குள் மெர்ல் வேலிப் பேச்சுக்குத் திரும்பியிருந்தான். பச்சைப் பெயின்ட் அடித்தது தன் விபத்துக்குப் பிறகுதான் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்து மறுத்துக்கொண்டே உறைகளை மேஜையில் தள்ளினாள். முன்னால் கிடந்ததில் அவரவர் கையெழுத்துப் போட்டார்கள். அவன் உறையில் அவளும் அவள் உறையில் அவனும்.

தேர்தல் முடிந்தது. நீதிபதி பெரிய வித்தியாசத்தில் தொடர்ந்தார். டுவேனும் வந்தான். எட்டாம் தீர்மானத்துக்கு ஆம் என்று நானூற்றுப் பன்னிரண்டு, இல்லை என்றும் நானூற்றுப் பன்னிரண்டு. சமமாக நின்றால் தீர்மானம் தோற்றதாகவே சட்டம்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தபோது சமையலறையில் ட்வைலா இருந்தாள். ஆம்புலன்ஸ் குழுவில் மிஞ்சிய மூவரில் ஒருத்தி, ஆர்டிஸின் பழைய தோழி. பேசியவள் தேர்தல் அலுவலகத்தின் ஜோனெல்.

"ஆர்டிஸ், உங்க உறையில மெர்ல் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவர் உறையில நீங்க போட்டிருக்கீங்க. ரெண்டையும் பிரிக்காம வெச்சிருக்கோம்."

"அட கடவுளே. நாங்களா?"

"இந்த வருஷம் நீங்க மூணாவது ஜோடி. மத்த ரெண்டு ஜோடியும் வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் நேர்ல வந்து தனித்தனியாக் கையெழுத்துப் போடணும். யாரு வர்றாங்களோ அவங்க சீட்டு எண்ணிக்கையில சேரும். புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான்."

"ஆம்புலன்ஸ் எல்லைக்குள்ள இன்னும் எத்தனை உறை பாக்கி?"

"உங்க ரெண்டு பேரோடதுதான்."

ஆர்டிஸ் தொலைபேசியை வைத்தாள். ஜோனெல் பேசியது ட்வைலாவின் காதிலும் விழுந்திருந்தது, எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மெர்ல் எங்கே?"

"கோழிக் கொட்டகையில."

"போன் வந்தது அவருக்குத் தெரியாது." ட்வைலா குரலைத் தாழ்த்தினாள். "நீ மட்டும் போ. ஒரு ஓட்டு. ஜெயிச்சாச்சு."

"அவருக்கும் தபால்ல நோட்டீஸ் வரும்."

"தபால் பெட்டிக்கு யாரு போறா? நீதானே."

"அது அவரு ஓட்டு, ட்வைலா."

"யாரு இல்லைன்னா? அவரு போகட்டுமே. இருபத்தி நாலு மைலு, நடந்து போகட்டும். நீ பொய் சொல்ல வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். சாவியை எடுக்காம இரு. அவ்வளவுதான் நான் கேக்குறது. ராத்திரி யாராவது நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தா என்ன சொல்லுவே? எங்க வீட்டுக்காரரு ஓட்டு முக்கியம்னா?"

ட்வைலா சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அவள் போன பிறகு ஆர்டிஸ் இரண்டு பேருக்கான இரவு உணவுக்கு ஆறு பேருக்கான கேரட்டை நறுக்கினாள். அன்று அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாதது, பிடிக்கவும் இல்லை.

கோடையில் தீர்மானத்தைச் சீட்டில் ஏற்றக் கையெழுத்துக் கேட்டபோது பலர் தயங்கினார்கள். "பிடிக்காட்டி எதிராப் போடுங்க, ஆனா போடுறதுக்கு வழி விடுங்க," என்று எல்லாரிடமும் சொன்னாள். அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களில் மெர்லும் உண்டு. எதிராகத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டே போட்டான். இப்போது சாவியை எடுக்காமல் இருந்தால் அவனிடம் சொன்னது பொய் என்றாகும்.

மறுநாள் காலை முட்டையைத் தட்டில் வைக்கும்போதே சொல்லிவிட்டாள். "கிழவா, உறையில கையெழுத்தை மாத்திப் போட்டுட்டோம். புதன்கிழமை கிளம்பு. நல்ல சட்டை போடு."

அவன் மென்றுகொண்டே கேட்டான். "யாரு மாத்துனது?"

"ரெண்டு பேரும்."

"நீதான் தள்ளுனே."

"நீதான் வேலியைப் பத்திப் பேசுனே."

புதன்கிழமை காற்று பலமாக இருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் முதல் பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. பாதி வழி வந்ததும் மெர்ல் எதிரே பார்த்தபடி கேட்டான்.

"நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஜெயிச்சிடுவே. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குடி என்னை இழுத்துட்டுப் போறே?"

"நீ வண்டியில ஏறுனே, நான் ஓட்டுறேன்."

"நான் மாத்திக்க மாட்டேன், கிழவி."

"மாத்தவும் முடியாது. சீட்டு உறைக்குள்ள இருக்கு. வாயை மூடிட்டு ஹீட்டரைக் கூட்டு."

அலுவலகத்தில் ஜோனெல் இரண்டு தாள்களை நீட்டினாள். ஆர்டிஸ் தன்னுடையதில் கையெழுத்துப் போட்டாள். ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடம் மட்டும், தீர்மானம் ஜெயித்திருந்தது. அவள் மெர்லைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய மாவட்ட வரைபடத்தைப் பார்த்தாள். தான் இரவில் ஓடிய சாலைகள் எல்லாம் அதில் மெல்லிய கோடுகளாக இருந்தன. பக்கத்தில் பேனா நெடுநேரம் அசையவில்லை. பிறகு மெர்ல், "எந்த இடத்துலன்னு விரலை வை, எனக்குத் தெரியலை," என்றான். அவள்தான் விரலை வைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

நானூற்றுப் பதின்மூன்றுக்கு நானூற்றுப் பதின்மூன்று. தோல்வி.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஆர்டிஸ் எஞ்சினைக் கிளப்பவில்லை. அவள் அழப் போகிறாள் என்று நினைத்து மெர்ல் கைக்குட்டையைத் தேடினான்.

"மே மாசம் மறுபடி சீட்டுல ஏத்தப் போறேன்," என்றாள். "ஜெயிப்பேன். ஆனா ஜனவரியிலேருந்து மே வரைக்கும் ராத்திரி வண்டி ஓடியாகணும், அதுக்கு ஆள் வைக்கக் காசு வேணும். இது தானாக் குடுக்குற ஊருன்னு சொன்னே."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"நல்லது. ஆளைத் தேடுன்னும் சொன்னே. தேடிட்டேன். தொப்பியைக் கழட்டு."

"நானா? எனக்கு லைசென்ஸே இல்லையே."

"நான் ஓட்டுறேன். நீ இறங்கிக் கேளு."

சனிக்கிழமை அவர்கள் போன முதல் வாசல் கெட்டர்லிங்குடையது. மாவட்டத்திலேயே அதிகக் கோதுமை விளைவிக்கிறவர். மெர்ல் உள்ளே போய் வெகுநேரம் கழித்து, ஒரு கண்ணாடி ஜாடியோடு திரும்பினான்.

"எவ்வளவு?"

"பீட்ரூட் ஊறுகாய்."

"காசு?"

"மத்தவங்க என்ன குடுக்குறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றானாம்."

ஆர்டிஸ் ஜாடியை வாங்கிப் பின்சீட்டில் வைத்தாள். சிரிக்கவில்லை, அதுதான் மெர்லுக்கு உறுத்தியது. இரண்டாவது வாசலில் ஒரு நாய் அவனைப் படியேற விடவில்லை. மூன்றாவதில் ஐந்து டாலர். நான்காவது வீட்டிலிருந்து வரும்போது அவன் நடை மாறியிருந்தது. கதவைப் பலமாகச் சாத்தினான்.

"நீ எப்படிப் போட்டேன்னு கேக்குறான், படுவா."

"என்ன சொன்னே?"

"இல்லைன்னு போட்டேன், நீயும் அப்படித்தானே போட்டே, அப்ப எடு காசை, வேற யாரு குடுப்பா, உன் வைக்கோல் போரான்னு கேட்டேன்." தொப்பிக்குள்ளிருந்து நூறு டாலர் நோட்டை எடுத்துக் காட்டினான். "முகம் செவந்துபோச்சு. ஆனா குடுத்தான்."

"இல்லைன்னு போட்டவங்க இன்னும் நானூத்திச் சொச்சம் பேரு இருக்காங்க."

"எனக்குத் தெரியும் யாரு யாருன்னு. எல்லாருமே என்கிட்ட சொல்லியிருக்கானுங்க." அவன் கையை உரசிக்கொண்டான். "இடது பக்கம் திரும்பு. ஓஸ்ட்லி வீடு. கஞ்சன். அவனை விடக் கூடாது."

"மே மாசம் நீ எப்படிப் போடுவே?"

"இல்லைன்னுதான். இதென்ன கேள்வி."

"சரி," என்றாள் ஆர்டிஸ். இடது பக்கம் திரும்பினாள். அடுத்த வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு அவளும் இறங்கினாள். அவன் தொப்பியை நீட்டும்போது பக்கத்தில் நின்று, அவள் மே மாதத்துக்கான ஓட்டைக் கேட்டாள்.